மறுமொழியும் மானிய நிலமும்

ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் வந்துவிட்டால் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றிப் பேசுவதற்கு நம் நாட்டில் மேடைகளுக்குக் குறைவில்லை. அவர் பிறந்த அந்நாளைத் தமிழக அரசு மருத்துவமனைகளும் கொண்டாடுகின்றன. அண்மையில் அத்தகைய விழாவொன்றுக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். நால்வர் உரையாற்றினர், நால்வரும் ஒரே கதையைச் சொன்னார்கள். தேவதாசி முறை ஒழிந்தால் கலை அழிந்துவிடும் என்று சட்டசபையில் ஒரு பெரியவர் முழங்கினாராம். அம்மையார் எழுந்து அவர் வாயடைத்துப் போகும்படி ஒரு மறுமொழி சொன்னாராம். அவை அதிர்ந்ததாம். அன்றோடு அம்முறையும் ஒழிந்ததாம். அந்த மறுமொழி யாதென்று நாம் ஈண்டு எடுத்தெழுதப் போவதில்லை. வாசக நேயர்கள் அதனைப் பன்முறை கேட்டிருப்பார்கள்.

ஹதீஸ் கலையில் ஓரளவேனும் பழகியவருக்கு ஒரு செய்தி காதில் விழுந்தவுடன், 'இதன் இஸ்னாத் என்ன? யார் யாரிடம் கேட்டார்?' என்று வினவத் தோன்றும். விழா முடிந்ததும் பேச்சாளர் ஒருவரை அணுகி, சட்டசபையின் எந்நாளைய நடவடிக்கைக் குறிப்பில் இது காணப்படுகிறது என்று கேட்டோம். "எல்லாரும் சொல்கிறார்களே, ஹஜ்ரத்!" என்றார் அவர். அறிவிப்பாளர் தொடர் அங்கேயே அறுந்துவிட்டது.

அக்கதை மெய்யா பொய்யா என்பதன்று நம் வழக்கு. மெய்யாகவே இருப்பினும் அது அம்மையாருக்குப் பெருமை சேர்ப்பதில்லை என்பதே நம் வழக்கு. நாவன்மையால் ஒருவரை வாயடைக்கச் செய்வது பட்டிமன்றத்தார் தொழில். சட்டமியற்றுவோரின் தொழில் அதுவன்று. அம்மையார் சட்டசபையில் இருந்த காலம் மூன்றரை ஆண்டுகளுக்கும் குறைவு. அக்காலத்தில் அவர் செய்த அரிய செயலொன்று இருக்கிறது. எந்த மேடையும் அதனைச் சொல்வதில்லை. சொன்னால் கைதட்டல் கிடைக்காது. ஏனெனில், அது நில வரி பற்றிய சட்டத் திருத்தம்.

அதனை விளக்குமுன் அவர் யார் என்பதைச் சற்றே நினைவூட்டிவிட்டு மேற்செல்வோம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்த இரண்டாவது செய்தியை விழாப் பேச்சாளர்கள் விழுங்கிவிடுகிறார்கள். தாயின் மரபைச் சொல்லுவது இழிவு என்று கருதுகிறார்கள் போலும்! அதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய வாழ்வே விளங்காது. எந்தக் கேட்டை ஒழிக்க அவர் சட்டசபையில் எழுந்து நின்றாரோ, அது அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. தாய் வீட்டுச் செய்தி. புதுக்கோட்டை மன்னரின் ஆதரவால், மாணவர் மட்டுமே பயின்ற கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல், 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். மற்றவற்றை வரலாற்று நூல்களிற் காண்க.

1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் பெண்களும் உறுப்பினராகலாம் என்று வழி பிறந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயா சொற்ப வாக்குகளில் தோற்றார். மாதர் சங்கத்தாரின் முயற்சியால் முத்துலெட்சுமி அம்மையாரை அரசு நியமன உறுப்பினராக்கியது. 1927 தொடக்கத்தில் அவர் அவையில் அமர்ந்தார். உடனே அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 'முதற்பெண்', 'முதற்பெண்' என்று எண்ணிக்கொண்டே போவதற்கு நம்மவர்க்கு இவ்விடத்தில் நல்ல வாய்ப்பு. அவையில் முதல், துணைத் தலைமையில் முதல்! ஒருவரை முதலாமவர் என்று மட்டும் போற்றுகிறவர், அவர் அங்குப் போய் என்ன செய்தார் என்று கேட்கும் தொல்லையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்.

1927 நவம்பரில், பெண் குழந்தைகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அவை அதனை ஏற்றது. அன்றோடு அம்முறை ஒழிந்ததா? இல்லை. தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை. அதற்கு நன்றி சொல்லி அடுக்கில் வைத்துவிட அரசுக்கு நன்றாகத் தெரியும். அக்காலத்துத் தண்டனைச் சட்டத்தில், சிறுமியரை இழிதொழிலுக்கு ஒப்படைப்போரைத் தண்டிக்க 372, 373 என இரு பிரிவுகள் இருக்கத்தான் செய்தன. ஆயினும் 'இது சமயச் சடங்கு. இதில் இழிதொழில் எங்கே வந்தது?' என்று கேட்டால் மெய்ப்பிப்பது எவ்வாறு? சட்டம் இருந்தது, தீர்மானமும் இருந்தது, பொட்டுக்கட்டுதலும் இருந்தது.

இவ்விடத்தில் ஒரு சாதாரண உறுப்பினர் என்ன செய்திருப்பார்? இன்னும் உரத்த குரலில் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்திருப்பார். அம்மையார் வேறொரு வினாவை எழுப்பினார். இந்த வழக்கம் எதன்மேல் நின்றுகொண்டிருக்கிறது?

கோயிலில் விளக்கேந்துதல், கவரி வீசுதல், ஆடல் பாடல் முதலான ஊழியங்களுக்காக அக்குடும்பங்கள் பலவற்றுக்கு நிலமோ நில வரியோ மானியமாக விடப்பட்டிருந்தது. ஊழியம் நடக்கும்வரை மானியம் நடக்கும். ஊழியம் நின்றால் மானியமும் போகும். எனவே, தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கேனும் பொட்டுக்கட்டியே ஆகவேண்டும். கட்டாவிட்டால் பாட்டி காலத்திலிருந்து உண்டுவந்த நெல் நின்றுபோகும். அந்த வீட்டுத் தாய் கொடியவள் என்பதாலா மகளை ஒப்படைத்தாள்? பக்தி மிகுந்தா ஒப்படைத்தாள்? சோற்றுக்காக ஒப்படைத்தாள். மேடையில் நின்று அவளைத் திட்டுவதும் கோயிலைத் திட்டுவதும் எளிது. அவள் வீட்டுக் குதிரில் நெல் இருக்க வழி சொல்லுவது அரிது.

நம் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. நம் வக்புச் சட்டங்களில் 'மஷ்ரூத்துல் கித்மத்' என்றொரு சொல் உண்டு. பணியை நிபந்தனையாகக் கொண்ட மானியம் என்பது பொருள். கதீபுக்கும் முஅத்தினுக்கும் அவ்வாறு நிலம் விடப்பட்ட ஊர்களை நாம் அறிவோம். பணியும் நிலமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டால், பணி செய்ய மனமில்லாத மகனும் நிலத்துக்காகத் தந்தையின் தலைப்பாகையைத் தானே சூடிக்கொள்ளும் வேடிக்கையையும் அறிவோம். அங்கே கெடுவது தொழுகையின் ஒழுங்கு. இங்கே கெட்டதோ ஒரு சிறுமியின் வாழ்வு.

அம்மையார் அந்தக் கயிற்றை அறுத்தார். நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் உருவாகியிருந்த இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைத் தாமே கொண்டுவந்தார்; 1929இல் அது நிறைவேறியது. அதன் சாரம் இதுதான்: தேவதாசியரின் மானியங்கள் ஊழியக் கடமையிலிருந்து விடுவிக்கப்படும், ஊழியம் செய்யாமலேயே நிலத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். அதாவது, பெண்ணுக்குப் பொட்டுக்கட்ட வேண்டிய தேவையை எடுத்துவிட்டார். பெண்ணின் நிலத்தை எடுக்கவில்லை.

உஸூலுல் ஃபிக்ஹு பயின்றோர் 'ஸத்துத் தராயிஃ' என்னும் நெறியை அறிவர். தீங்குக்கு இட்டுச்செல்லும் வாயில்களை அடைத்தல் என்பது அதன் கருத்து. மாலிக்கீ மத்ஹபினர் அதற்கு மிகுந்த இடமளிப்பர். இருபதாண்டுகளுக்கும் மேலாக அப்பாடத்தை நடத்தி வருகிறோம். கிதாபுகளிற் கண்ட பழைய எடுத்துக்காட்டுகளையே சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தத் திருத்தத்தின் வரலாற்றைப் படித்தபின் மாணவர்களுக்கு இதனையும் சொல்லுகிறோம். அம்மையார் அந்தக் கிதாபுகளைப் படித்தவரல்லர். படித்த நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு வாயிலை அடைத்திருக்கிறோம் என்று கேட்டுவிடாதீர்கள்.

இவ்விடத்தில் இருவகைக் கண்டனங்களுக்கு விடை கூறியாக வேண்டும்.

ஒன்று, அவர் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரல்லர். அந்நிய அரசு நியமித்தவர் என்பது. உண்மை. நியமனத்தால் வந்தவர் நியமித்தவர் முகம் பார்த்தே பேசுவார் என்பதும் பொதுவாக உண்மையே. ஆனால் 1930 மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து இவர் உறுப்பினர் பதவியை உதறினார். அப்போது அவருடைய முழுத் தடை மசோதா அவையின் முன் இருந்தது. அவ்வாண்டு ஜனவரியில்தான் அதனைக் கொண்டுவந்திருந்தார். பதவியை விட்டால் மசோதா தாயற்ற பிள்ளையாகும் என்பது அவருக்குத் தெரியாதிருக்குமா? அவ்வாறே ஆயிற்று. பதினேழு ஆண்டுகள் கழிந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1947இல்தான் அச்சட்டம் நிறைவேறியது. அப்போது அம்மையார் அவையில் இல்லை. அவர் விலகியது சரியா என்பதில் நமக்கே ஐயம் உண்டு. இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் எத்தனை சிறுமியர் தப்பியிருப்பர் என்று கணக்குப் போடத்தான் தோன்றுகிறது. ஆயினும், நியமன உறுப்பினர் அரசின் கைப்பாவை என்று அவரைச் சொல்லுகிறவர் இந்த நாளைத் தாண்டிப் போக முடியாது. இருக்கை கிடைத்தபின் அதனோடு ஒட்டிக்கொண்டு, தொகுதிக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பதும் திருமணத்துக்குத் தலைமை தாங்குவதுமே சட்டமன்றப் பணி என்று நினைக்கும் இக்காலத்தவர் இந்தக் கண்டனத்தைச் சொல்லாதிருப்பதே அழகு.

மற்றொன்று, இக்கால ஆய்வாளர் சிலர் சொல்வது. தேவதாசிப் பெண்டிர்க்குச் சொத்துரிமை இருந்தது, கல்வி இருந்தது, கலை இருந்தது. சீர்திருத்தம் அவற்றைப் பறித்தது, கலை மேற்சாதியார் கைக்குப் போயிற்று என்கிறார்கள். இதனை எள்ளி ஒதுக்க நாம் ஒருப்படோம். அக்காலத்திலேயே தேவதாசியர் சங்கம் அரசுக்கு முறையீடு செய்தது. திருவையாற்றில் தியாகராசர்க்கு நினைவாலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்த்தவர்களுள் ஒருவர். அவர் கற்றறிந்த மாது. தம்மைப் பற்றிய சட்டத்தில் தம்மிடம் கேட்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மையார் அவர்களுக்குச் செவிசாய்த்தது போதாது என்பதே நம் கருத்து. ஆனால் முறையிட்டோர் முதிர்ந்தவர்கள். வீணையும் வீடும் உடையவர்கள். பொட்டுக்கட்டப்பட்டவளோ எட்டு வயதினள், பத்து வயதினள். அவள் முறையீட்டை எழுதித் தருவதற்குச் சங்கம் இருக்கவில்லை. அவளுக்காகப் பேச அந்த அவையில் ஒருவர் இருந்தார், அவ்வளவே. மேலும், சொத்தைப் பறித்தார் என்ற குற்றச்சாட்டுக்கு 1929ஆம் ஆண்டுத் திருத்தமே விடை. நிலத்தைப் பறிக்க எண்ணியவர் அப்படியொரு மசோதாவை எழுதியிருக்கமாட்டார். இவ்விடத்திலும் பாருங்கள், அவரைப் போற்றுவோரும் அந்தத் திருத்தத்தைச் சொல்வதில்லை. தூற்றுவோரிற் பலரும் அதை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

சட்டத்தோடு அவர் நின்றுவிடவுமில்லை. அக்குடும்பங்களிலிருந்து வெளியேறிய சிறுமியர்க்குத் தங்க இடமில்லை என்று கண்டு அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். இவற்றை நாடறியும். 1968இல் மறைந்தார். இன்று மகப்பேற்று உதவித் திட்டத்துக்கும் கலப்புத் திருமண உதவித் திட்டத்துக்கும் அவர் பெயர் வழங்குகிறது.

'இதெல்லாம் அவர்கள் வீட்டு விவகாரம். நம் பத்திரிகையில் எதற்கு?' என்று நண்பரொருவர் கேட்டார். முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி வேண்டும் என்று அச்சட்டசபையில் முயன்று அது திறக்கப்படக் காரணமாக இருந்தவர் அம்மையார் என்று அவருக்கு நாம் விடை சொல்லியிருக்கலாம். அது உண்மையே, ஆனால் அது பாதி விடை. மற்றப் பாதி நமக்கு உவப்பானதன்று.

மணப்பெண்ணுக்குக் குறைந்தது 16 வயதும் மணமகனுக்கு 21 வயதும் ஆகவேண்டும் என்று அம்மையார் அந்நாளில் பரிந்துரைத்தார். 1929இல் மத்திய சட்டசபையில் நிறைவேறிய சாரதா சட்டம் அவ்வளவு தூரம் போகத் துணியவில்லை. 14, 18 என்று நிறுத்திக்கொண்டது. அதற்கே எவ்வளவு எதிர்ப்பு! வைதிகர் ஒருபுறம், நம் உலமாக்கள் மறுபுறம். மௌலானா முஹம்மது அலீ போன்ற பெருமக்களே முஸ்லிம்களுக்கு அது பொருந்தக்கூடாது என்று வைஸ்ராயிடம் முறையிட்டனர். அவர்கள் அஞ்சியது மார்க்க விவகாரத்தில் அந்நிய அரசு கைவைப்பதை. அந்த அச்சத்தை நாம் கேலி செய்யமாட்டோம். ஆனால் அதே அவையில் ஜின்னா அம்மசோதாவை ஆதரித்துப் பேசினார் என்பதையும் மறைக்கமாட்டோம். இளவயது மணம் ஃபர்ளுமன்று, வாஜிபுமன்று. ஆகுமானது என்ற வகையைச் சேர்ந்தது. ஆகுமானதொன்றால் தீங்கு பெருகினால் அதனைக் கட்டுப்படுத்த ஆட்சியாளர்க்கு இடமுண்டு என்ற கருத்து ஃபிக்ஹுக்குப் புதிதுமன்று. இதனை அறிந்தவர்களும் வாளாவிருந்தனர். தேவதாசி முறைக்காக 'தர்மம் போயிற்று' என்று அங்கே எழுந்த குரலும், இளமணத்துக்காக 'மார்க்கம் போயிற்று' என்று இங்கே எழுந்த குரலும் ஒரே சுருதியில் இருந்தன.

முன்னோரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. சுமார் இருபதாண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் பெண்கள் மத்ரஸாவில் நாம் அரபு இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். வகுப்பில் ஒரு மாணவி. ஸர்ஃபின் வினைத்திரிபுகளை நாம் சொல்லி முடிக்குமுன் அவள் சொல்லி முடித்துவிடுவாள். பதினைந்து வயது. ஒருநாள் வரவில்லை; மறுநாளும் வரவில்லை. மாமன் மகனுக்கு நிகாஹ் நிச்சயமாயிற்று என்றார்கள். காரணத்தைப் பின்னர் அறிந்தோம். பாட்டியின் வீடு பாகம் பிரியாமல் இருந்தது. பெண்ணை வெளியே கொடுத்தால் வீட்டில் பாதி வெளியே போகும். அவ்வளவுதான். மார்க்கமும் இல்லை, மரபும் இல்லை, சுவரும் கூரையும். ஒன்றிரண்டு ஆலிம்கள் சென்று, பாகத்தைப் பிரித்து அவளுக்குரியதை எழுதிவையுங்கள், படிப்பை முடித்தபின் மணம் பேசுவோம் என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்தார் கேட்டிருக்கக்கூடும். அவர்கள் கெட்டவர்களல்லர். சட்டமும் நம் பக்கமே இருந்தது. நாம் போகவில்லை. நிகாஹ் மஜ்லிஸில் முன்வரிசையில் அமர்ந்தோம். துஆவுக்குக் கையேந்தியவர்களுள் நாமும் ஒருவர். அடுத்த வாரம் வகுப்பில், வாயில்களை அடைக்கும் நெறியைப் பாடமாகவும் நடத்தினோம்.

அவளுடைய மகள் இவ்வாண்டு நம்மிடம் படிக்க வந்திருக்கிறாள். வயது பதினான்கு. தாயைப் போலவே விரைவு. அந்த வீடு இன்னும் பாகம் பிரியவில்லை என்று கேள்விப்பட்டோம். சென்ற வெள்ளியன்று ஜும்ஆ முடிந்ததும் அவள் பாட்டனாரைச் சந்தித்து, வீட்டுப் பத்திரத்தை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறோம். வருகிற ஞாயிறு அஸருக்குப்பின் வரச் சொல்லியிருக்கிறார்.